யாருடைய பனித்தளத்தில் ஆடுவது? அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் இடத்தேர்வு

2025 மார்ச் 28 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுன் நகரில் மெய்ன் பல்கலைக்கழக அணி இறங்கியபோது, நாட்டின் முதல் நான்கு அணிகளில் ஒன்று என்ற தகுதி அதற்கு இருந்தது. ஹாக்கி ஈஸ்ட் லீக்கின் கோப்பையை வென்ற கையோடு வந்திருந்தார்கள். எதிரில் நின்ற பென் ஸ்டேட், தேசியப் போட்டிக்குத் தேர்வான 16 அணிகளில் கடைசி நான்கில் ஒன்று. ஆனால் பிபிஎல் சென்டர் அரங்கில் கூடியிருந்தது பென் ஸ்டேட்டின் கூட்டம். மெய்ன் 5-1 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து கனெக்டிகட் அணியையும் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்ற பென் ஸ்டேட், தன் வரலாற்றில் முதல்முறையாக ‘ஃப்ரோசன் ஃபோர்’ என்னும் கடைசி நான்குக்குள் நுழைந்தது.

பென் ஸ்டேட் நன்றாக ஆடித்தான் வென்றது. கேள்வி அதுவல்ல. பருவம் முழுக்க வென்று முதல் அடுக்கில் இடம்பிடித்த அணி, கடைசி அடுக்கு அணியை அதன் ஆதரவாளர்கள் நடுவே போய் ஏன் சந்திக்க வேண்டும்? மெய்ன் வளாகம் இருக்கும் ஓரோனோவிலிருந்து ஆலன்டவுன் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல்; பென் ஸ்டேட் வளாகத்திலிருந்தோ மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காரணம் எளிது: அந்த மண்டலச் சுற்றை (நான்கு அணிகள் ஓர் ஊரில் ஆடி, ஒன்று ஃப்ரோசன் ஃபோருக்குப் போகும் கட்டம்) நடத்திய கல்லூரி பென் ஸ்டேட். அது அப்படி என்று முடிவானது 2020 அக்டோபரில். அன்று ஆடியவர்களில் பெரும்பாலோர் அப்போது கல்லூரியிலேயே சேர்ந்திருக்கவில்லை.

இதுதான் இந்த முறையின் அடிப்படைச் சிக்கல். எந்த அணி தகுதி பெறும் என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எங்கே ஆடுவது என்று முடிவாகிவிடுகிறது. மற்ற சிக்கல்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

‘நடத்தும் கல்லூரி’ என்றால் என்ன

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ, தன் சாம்பியன்ஷிப்புகளுக்கான இடங்களைப் பல ஆண்டுத் தொகுப்பாக அறிவிக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரையிலான நான்கு பருவங்களுக்கான இடங்கள் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. விண்ணப்பிப்பது அரங்கு மட்டுமல்ல. ஒரு கல்லூரி அல்லது லீக், ஓர் அரங்கு, பெரும்பாலும் அந்த ஊரின் சுற்றுலா அல்லது விளையாட்டு ஆணையம், இவை மூன்றும் சேர்ந்து ஒரு கட்டாகப் போட்டியிடும். அரங்கு இடத்தையும் பனியையும் தரும். ஊர் அமைப்பு ஹோட்டல் அறைகளைப் பேசி வைக்கும். ஆட்களைத் தருவது கல்லூரி: போட்டி இயக்குநர், புள்ளிவிவரக் குழு, கோல் நடுவர்களுக்கும் தண்டனைப் பெட்டிக்கும் உதவியாளர்கள், ஊடக மேலாளர், மருத்துவர், டிக்கெட் விற்பனைப் பொறுப்பு.

நடத்தும் கல்லூரிக்கு அந்த அரங்கு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, அதே மாநிலத்தில் இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. 2012-இல் ஃப்ரோசன் ஃபோர் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் நடந்தபோது பெயரளவில் நடத்தியது அலபாமா-ஹன்ட்ஸ்வில். ஆனால் மண்டலச் சுற்றில் கதை வேறு. அங்கே விண்ணப்பிப்பவை பெரும்பாலும் பக்கத்து ஊர்க் கல்லூரிகளே: ஃபார்கோவுக்கு நார்த் டகோட்டா, மான்செஸ்டருக்கு நியூ ஹாம்ப்ஷயர், உஸ்டருக்கு ஹோலி கிராஸ், லவ்லாண்டுக்கு டென்வர், டொலீடோவுக்கு போலிங் கிரீன். கூடவே ஒரு விதி: நடத்தும் கல்லூரி தகுதி பெற்றால் அது தன் மண்டலத்திலேயே ஆடும். விண்ணப்பத்தைக் கவர்ச்சியாக்குவது இந்த விதிதான். டிக்கெட் விற்கும் பொறுப்பை ஏற்கும் கல்லூரிக்குத் தன் அணி வந்தால் அரங்கு நிறையும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதிக்கான விலையைக் கொடுப்பது எதிரணி.

ஞாயிறு மாலை நடப்பது

16 அணிகளை நான்கு இடங்களில் பகிர்வது தேர்வுக்குழுவின் வேலை. ஆறு லீக்குகளின் சாம்பியன்கள் நேரடியாக வருவார்கள்; மிச்சம் பத்து இடங்கள் கணினித் தரவரிசைப்படி. அந்த வரிசையை நான்கு நான்காக வெட்டினால் நான்கு அடுக்குகள். கணக்குப்படி முதலிடம் பதினாறாம் இடத்தோடும், இரண்டாமிடம் பதினைந்தோடும் மோத வேண்டும். இதற்கு மேல் மூன்று கட்டுப்பாடுகள் ஏறும். நடத்தும் கல்லூரிகள் தத்தம் இடத்தில் முதலில் பொருத்தப்படும். முதலடுக்கு அணிகள் தரவரிசைப்படி ஒவ்வொன்றாகத் தமக்கு அருகிலுள்ள ஊருக்கு அனுப்பப்படும். முதல் ஆட்டத்தில் ஒரே லீக்கின் இரண்டு அணிகள் மோதக்கூடாது. இவை எல்லாம் முடிந்தபின், கூட்டம் சேர வேண்டும் என்பதற்காக ஒரே அடுக்கிலுள்ள அணிகளைக் குழு இடம் மாற்றிக்கொள்ளலாம்.

2025-இல் மிஷிகன் ஸ்டேட்டும் வெஸ்டர்ன் மிஷிகனும் முதலடுக்கில் இருந்தன. மிஷிகன் மாநிலத்துக்கு அருகில் இருந்தது டொலீடோ ஒன்றுதான். தரவரிசையில் மேலே இருந்த மிஷிகன் ஸ்டேட்டுக்கு அது கிடைத்தது, ஏறத்தாழ இரண்டு மணி நேரச் சாலைப் பயணம். அடுத்திருந்த வெஸ்டர்ன் மிஷிகன் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஃபார்கோவுக்குப் போனது. முடிவு எப்படி வந்தது என்றால், டொலீடோவில் மிஷிகன் ஸ்டேட் கார்னெலிடம் 4-3 என்று தோற்றது. ஃபார்கோவில் வென்ற வெஸ்டர்ன் மிஷிகன், ஃப்ரோசன் ஃபோர் நடந்த செயின்ட் லூயிஸில் கோப்பையையே தூக்கியது. தூரம் மட்டுமே தலைவிதி அல்ல. ஆனால் மாணவர்களும் பெற்றோரும் உடன் வர முடிகிறதா என்பதைத் தூரம்தான் தீர்மானிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இணைகள் அறிவிக்கப்படும். ஆட்டம் வியாழன் அல்லது வெள்ளி. நான்கைந்து நாளில் விடுப்பு எடுத்து, விமானம் பிடித்து, அறை தேடி ஆயிரம் கிலோமீட்டர் வரக்கூடியவர்கள் எத்தனை பேர்? பல ஆண்டுகளாக மண்டலச் சுற்றுகளில் காலி இருக்கைகள் தெரிவதற்கு இதுவே முதன்மைக் காரணம். விளையாட்டின் மீது ஆர்வமில்லை என்று சொல்வது தவறு. அதே அணிகள் ஜனவரியில் தங்கள் வளாகத்தில் ஆடும்போது டிக்கெட் கிடைக்காது.

இன்னொரு நுணுக்கம். அட்டவணையில் ‘சொந்த அணி’ என்று குறிக்கப்படுவது தரவரிசையில் மேலிருக்கும் அணிதான். ஆட்டம் நிற்கும்போது கடைசியாக ஆட்களை மாற்றும் உரிமை அதற்கு. எதிரணியின் சிறந்த தாக்குதல் வரிசைக்கு எதிரே தன் சிறந்த தடுப்பாளர்களை நிறுத்த இது பயன்படும். ஆலன்டவுனில் காகிதத்தில் சொந்த அணி மெய்ன்தான். கடைசி மாற்ற உரிமை பெஞ்சுக்கு உதவும். இருக்கைகளிலிருந்து வரும் சத்தத்துக்கு அதில் மாற்று இல்லை.

வளாகத்திலிருந்து பொது அரங்குக்கு

இந்தப் போட்டி பிறந்தது ஒரு ஹோட்டலின் பனித்தளத்தில். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் பிராட்மூர் ஹோட்டல், குதிரையேற்றக் கூடமாக இருந்த கட்டடத்தை ஐஸ் பேலஸ் ஆக்கியிருந்தது. 1948 முதல் 1957 வரை பத்து ஆண்டுகள் தேசியப் போட்டி அங்கேயே நடந்தது. அதே ஊரின் கொலராடோ காலேஜுக்கு அதுவே சொந்தத் தளம்; 1950, 1957 இரண்டு முறையும் அவர்கள் வென்றது அங்கேதான். சொந்த ஊர்ச் சாதகம் என்ற விவாதம் ஆக, போட்டியின் வயதையே கொண்டது.

வளாகங்களில் மண்டலச் சுற்று நடத்தும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் அரங்கு அதில் பெயர்பெற்றது. செங்கல் கட்டடம், இப்போது ஆறாயிரத்துக்கும் குறைந்த இருக்கை, ஒலியைத் திருப்பியடிக்கும் கூரை. 1998, 2002, 2003 மூன்று முறையும் மிஷிகன் அங்கே ஆடி ஃப்ரோசன் ஃபோருக்குப் போனது. 2006-இல் நார்த் டகோட்டா தன் ரால்ஃப் எங்கல்ஸ்டாட் அரங்கில் அதையே செய்தது. 2008-இல் விஸ்கான்சின் 15 வெற்றி, 16 தோல்வி, 7 சமன் என்ற கணக்கோடு உள்ளே வந்தது. தன் சொந்த கோல் சென்டரில் டென்வரை 6-2 என்று வென்று, அடுத்த ஆட்டத்தில் நார்த் டகோட்டாவிடம் கூடுதல் நேரத்தில்தான் வீழ்ந்தது. தோல்விகள் அதிகமுள்ள அணிக்கு, லீக் சாம்பியன் அல்லாதவர்களுக்கான தரவரிசைத் தேர்வில் இடமில்லை என்ற விதி அதன்பின் வந்தது.

இப்படித்தான் எந்தக் கல்லூரிக்கும் சொந்தமில்லாத பொது அரங்குகளின் பக்கம் காற்று திரும்பியது. ஆனால் ‘பொது’ என்ற சொல் முழு உண்மையல்ல. 2015-இல் பிராவிடன்ஸ் நகரில் நடத்திய கல்லூரி பிரவுன். பிராவிடன்ஸ் காலேஜ் அல்ல. ஆக, விதி எதுவும் பிராவிடன்ஸ் காலேஜை அங்கே வைக்கச் சொல்லவில்லை. ஆனாலும் கூட்டத்தைக் கருதிக் குழு அவர்களைச் சொந்த ஊரிலேயே வைத்தது. முதலடுக்கில் இருந்த, ஒஹையோ மாநிலத்தின் மயாமி பல்கலைக்கழகம், நான்காம் அடுக்கு அணியை அதன் வீட்டு வாசலில் சந்தித்து 7-5 என்று தோற்றது. பிராவிடன்ஸ் அந்த ஆண்டுக் கோப்பையையே வென்றது.

வளாகத்தில் ஆடினால் அநியாயம் என்றுதான் வெளியே வந்தார்கள். ஆனால் வளாக முறையில் குறைந்தபட்சம் ஒன்றைச் சரிசெய்ய வழியுண்டு: சாதகத்தைத் தரவரிசையில் மேலிருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். இப்போதைய முறையில் அந்தச் சாதகம் நான்காண்டு முன்பு யார் விண்ணப்பம் போட்டார்களோ அவர்களுக்குப் போகிறது. எங்கள் பார்வையில் இது இரண்டிலும் மோசமான ஏற்பாடு.

அரங்கைத் தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை

இருக்கை எண்ணிக்கையைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது நாள்காட்டி. மண்டலச் சுற்று நடக்கும் அரங்குகளில் பெரும்பாலானவை இரண்டாம் நிலைத் தொழில்முறை அணிகளின் வீடு: ஆலன்டவுன், ஸ்பிரிங்ஃபீல்டு, பிராவிடன்ஸ், லவ்லாண்டு ஆகியவற்றில் ஏஎச்எல் அணிகள், டொலீடோவிலும் உஸ்டரிலும் இசிஎச்எல். மார்ச் கடைசி வாரம் அவர்களுக்கு முக்கியமான நேரம். நான்கு நாள் அரங்கைக் காலிசெய்து வெளியூர் ஆட்டங்களுக்குப் போக அவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஃப்ரோசன் ஃபோர் நடக்கும் ஏப்ரலில் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்எச்எல் பருவம் முடியும் தறுவாயில் இருக்கும். அரங்கின் என்எச்எல் அணியை அந்த வாரம் சாலைக்கு அனுப்ப லீக்கின் அட்டவணையே வளைந்துகொடுக்க வேண்டும். பல ஆண்டு முன்பே இடத்தை முடிவு செய்வதற்கான உண்மையான நியாயம் இதுதான், அதை மறுக்க முடியாது.

அடுத்தது கூடைப்பந்து. பல அரங்குகளில் பனியின் மேல் காப்புப் பலகைகளை விரித்து, அதன்மேல் மரத்தளம் போட்டுக் கூடைப்பந்து நடத்துவார்கள். பலகையை எடுத்தபின் பனியில் இணைப்புக் கோடுகள், அழுத்தத் தடங்கள், உறைபனிப் படலம் எல்லாம் தெரியும். சீவி, நீர் விட்டு, மறுபடி கட்டியெழுப்ப நேரம் தேவை. வியாழன் ஆட்டத்துக்குப் புதன் இரவு பலகை எடுத்தால் பக் (ஆட்டத்தில் அடிக்கும் வட்டு) துள்ளும். துள்ளும் பக்கைக் கொண்டு வேகமான பாஸ் ஆட முடியாது. ஒப்பந்தத்தில் ‘பனி எப்போதிலிருந்து மூடப்படாமல் இருக்கும்’ என்ற வரி இல்லாவிட்டால் பின்னால் வருந்த நேரும்.

பனியின் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. வட அமெரிக்கத் தளம் 200 அடிக்கு 85 அடி. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். அதை ஒரே மூச்சில் ஊற்றக்கூடாது. மெல்லிய படலங்களாகத் தெளித்து, நடுவே வெள்ளைச் சாயமும் கோடுகளும் அடித்து, மேலே மறுபடி படலங்கள். ஹாக்கிக்கு மேற்பரப்பு மைனஸ் 5 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் பனி கடினமாக, வேகமாக இருக்கும். அரங்குக் காற்று 15 டிகிரியை ஒட்டி, ஈரப்பதம் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். பத்தாயிரம் பேர் உள்ளே வந்தால் அவர்களின் உடல் வெப்பமும் மூச்சின் ஈரமும் இந்த இரண்டையும் உயர்த்தும். ஈரப்பதம் நீக்கும் இயந்திரத்துக்குத் திறன் போதாவிட்டால், மூன்றாம் பகுதியில் பனியின்மேல் உறைபனி படிந்து ஸ்கேட் இழுக்கும். சோதனைக்குப் போகிறவர் காலி அரங்கில் பனியைப் பார்த்துத் திருப்தியடையக்கூடாது; நிறைந்த ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்பதால் பனியைச் சீவிச் சீராக்கும் ஜாம்போனி வண்டி இரண்டு கட்டாயம். இடைவேளை 15 நிமிடம். ஒரே வண்டி தளம் முழுவதையும் சீவி வெந்நீர் விட்டு முடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேலாகும். பிறகு உறைய நேரம் போதாது. இரண்டு வண்டி ஓடினால் பாதி நேரத்தில் முடியும். ஒன்று பழுதானால் ஆட்டம் நிற்காது என்பது கூடுதல் பலன். நாக்-அவுட்டில் சமன் கிடையாது. 20 நிமிடப் பகுதிகளாக ஒரு கோல் விழும்வரை ஆடுவார்கள். 2021 மார்ச் 27 அன்று ஃபார்கோவில் மினசோட்டா-டுலூத், நார்த் டகோட்டாவை ஐந்தாவது கூடுதல் பகுதியில் 3-2 என்று வென்றது. ஆட்ட நேரம் மட்டும் 142 நிமிடம் 13 நொடி. இதுபோன்ற ஆட்டம் இரட்டை ஆட்ட நாளின் முதல் ஆட்டமாக அமைந்தால், அடுத்த அணிகள் நள்ளிரவை ஒட்டித்தான் பனியில் இறங்க முடியும். அரங்கு ஊழியர் நேரம், பேருந்து நிறுத்தம், உணவுக் கடை எல்லாவற்றையும் இதை நினைத்து ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

உடைமாற்று அறை பலருக்கும் நினைவுக்கு வராத விஷயம். தொழில்முறை அரங்கில் நல்ல அறைகள் இரண்டு இருக்கும், தேவை நான்கு. முப்பது பேரின் நனைந்த காப்பு உடைகள் இரவுக்குள் உலர வேண்டும், ஸ்கேட் தீட்டும் இயந்திரத்துக்கு மின்இணைப்பு வேண்டும். முந்தைய நாள் பயிற்சிக்கும் நான்கு அணிக்கும் சம நேரம். தலா 50 நிமிடம், நடுவே பனி சீவ இருபது நிமிடம் என்றால் நாலே கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதே நாள் தொலைக்காட்சிக் கேபிள் இழுப்பவர்களும் உள்ளே இருப்பார்கள். பலகைச் சுவரிலும் பனியிலும் உள்ள உள்ளூர் விளம்பரங்களை என்சிஏஏ அனுமதிக்காது. அவற்றை மூடவோ, பனிக்குள் இருந்தால் சீவி எடுத்துப் புதிதாக வெள்ளையடிக்கவோ வேண்டும். இதற்கும் நாள் வேண்டும்.

பெரிய மைதான ஆசை

2001 அக்டோபர் 6 அன்று மிஷிகன் ஸ்டேட்டின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் தற்காலிகப் பனி போட்டு 74,544 பேர் பார்க்க, மிஷிகனோடு 3-3 என்று சமன் செய்தார்கள். 2010 டிசம்பரில் மிஷிகன் மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கு கின்னஸ் உறுதிசெய்த எண்ணிக்கை 104,173. கொண்டாட்டமாக இவை அருமையானவை. சாம்பியன்ஷிப்பை இப்படி நடத்துவது வேறு. 2010 ஃப்ரோசன் ஃபோரை டிட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டு கால்பந்து அரங்கில் வைத்தார்கள். பாஸ்டன் காலேஜ் விஸ்கான்சினை 5-0 என்று வென்ற இறுதி ஆட்டத்தை 37,592 பேர் பார்த்தார்கள். கூட்டம் வந்தது. ஆனால் கால்பந்துக்கு அமைந்த இருக்கையிலிருந்து 85 அடி அகலத் தளம் தூரத்தில் தெரியும். பலகைச் சுவரின் அருகு மூலை மறையும். தற்காலிகத் தளத்தில் குளிர்திரவம் ஓடும் பாய்களை விரித்து அதன்மேல் பனி வளர்ப்பார்கள். கீழே கான்கிரீட் கொடுக்கும் குளிர்ச்சிச் சேமிப்பு இல்லாததால், வெப்பம் ஏறினால் பனி உடனே மென்மையாகும். திறந்தவெளியில் சூரியன் இன்னும் பெரிய எதிரி: நீலச் சிவப்புக் கோடுகள் வெயிலை உறிஞ்சி முதலில் அங்கேதான் உருகும். அதனால்தான் வெளியாட்டங்களை மாலையில் வைப்பதே பாதுகாப்பு.

லீக்குகள் கற்ற பாடம்

லீக் அளவில் முடிவை மாற்றுவது எளிது என்பதால் அங்கே தவறுகள் வேகமாகத் திருந்துகின்றன. இசிஏசி லீக், 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்கா சோவியத்தை வென்ற லேக் பிளாசிட் அரங்கில் 1993 முதல் 2002 வரை தன் இறுதிச்சுற்றை நடத்தியது. பிறகு ஆல்பனி. பிறகு 2011 முதல் மூன்றாண்டு கடற்கரைச் சூதாட்ட நகரமான அட்லாண்டிக் சிட்டி. அந்த லீக்கின் எந்தக் கல்லூரிக்கும் அது பக்கத்து ஊர் அல்ல. 2014-இல் லேக் பிளாசிட்டுக்கே திரும்பினார்கள். பிக் டென் லீக் 2014 முதல் 2017 வரை செயின்ட் பாலிலும் டிட்ராய்ட்டிலும் மாறி மாறிப் பெரிய அரங்குகளை எடுத்துப் பார்த்தது, இருக்கைகள் நிறையவில்லை, 2018 முதல் எல்லா ஆட்டமும் வளாகத்தில். பத்தாண்டுக்கு மேல் மினியாபொலிஸிலும் செயின்ட் பாலிலும் இறுதிச்சுற்று வைத்த என்சிஎச்சி லீக்கும் 2026 முதல் வளாகத்துக்கு மாறும் முடிவை எடுத்தது.

பொது அரங்கு எங்கே வேலை செய்கிறது என்று பார்த்தால் விடை தெளிவு. 1952 டிசம்பரில் தொடங்கிய பீன்பாட் போட்டியில் ஹார்வர்டு, பாஸ்டன் காலேஜ், பாஸ்டன் யுனிவர்சிட்டி, நார்த்ஈஸ்டர்ன் என நான்கும் ஒரே நகரம். பிப்ரவரி முதல் இரண்டு திங்கட்கிழமை என்பது ஊருக்கே தெரியும். டிடி கார்டன் அரங்குக்கு ரயிலிலேயே போகலாம். யார் வருவார்கள், எப்போது, எப்படி என்ற மூன்றும் முன்பே தெரிந்த இடத்தில் பெரிய அரங்கு நிறைகிறது. மண்டலச் சுற்றில் இந்த மூன்றில் ஒன்றுகூட முன்பே தெரிவதில்லை.

பெண்கள் போட்டி வேறு வழியில் போகிறது. 2022 முதல் 11 அணிகள். காலிறுதி வரை தரவரிசையில் மேலுள்ள அணிகளின் வளாகங்களில். கடைசி நான்கு மட்டும் முன்பே ஒதுக்கிய இடத்தில், அதுவும் பெரும்பாலும் பல்கலைக்கழக அரங்கில். 2025-இல் அந்த இடம் மினசோட்டாவின் ரிடர் அரங்கு; மினசோட்டாவே அங்கே அரையிறுதிக்கு வந்து விஸ்கான்சினிடம் 6-2 என்று தோற்றது.

ஆண்களுக்கும் முதல் சுற்றையாவது இப்படி மாற்ற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. எதிர்ப்பவர்கள் சொல்லும் தடைகள் உண்மையானவை, ஆனால் தீர்க்கக்கூடியவை. சில கல்லூரி அரங்குகளில் இருக்கை மிகக் குறைவு. குறைந்தபட்ச இருக்கை வரம்பு வைத்து, அதை எட்டாத கல்லூரி அருகிலுள்ள அரங்கைப் பெயரிடச் சொல்லலாம். தொலைக்காட்சிக்கு ஐந்து நாளில் எட்டு இடங்களை ஆயத்தப்படுத்துவது கடினம் என்கிறார்கள். காலிறுதியை வளாகத்தில் நடத்தும் பெண்கள் போட்டி அதே அவசரத்தில்தான் ஆண்டுதோறும் நடக்கிறது. தளத்தின் அளவு வேறுபடும் என்கிறார்கள். மேலே வந்த அணி சம்பாதித்த சாதகத்தில் அதுவும் சேரட்டும். செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: தரவரிசையில் முதல் பத்துக்குள் வரக்கூடிய ஒவ்வொரு கல்லூரியும் மார்ச் கடைசி வார இறுதியில் தன் அரங்கை வேறு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விடாமல், பனியை உருக்காமல், இரண்டாவது ஜாம்போனியையும் ஆம்புலன்ஸையும் பேசி வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த ஒப்புதலை செப்டம்பரிலேயே எழுதி வாங்கிவிடலாம்.